ஸ்லீப்ஓவர்: இன்னொரு வீட்டில் ஒரு ராத்திரி

ஆங்கிலச் சிறுவர் கதைகளிலும் குழந்தைகளுக்கான தொடர்களிலும் அடிக்கடி எதிர்ப்படும் சொல் ஸ்லீப்ஓவர். 'வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஸ்லீப்ஓவர், வருகிறாயா?' என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கூப்பிடும். கூப்பிடப்பட்ட பிள்ளை துள்ளிக் குதிக்கும். அதன் அம்மா ஒரு நிமிடம் யோசிப்பார். அந்தத் துள்ளல், அந்த யோசனை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சொல் முழுசாகப் பிடிபடும்.

முதலில் நேரடிப் பொருள். ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போய், ராத்திரி அங்கேயே படுத்து, காலையில் எழுந்து வீடு திரும்பினால் அது ஸ்லீப்ஓவர். பெரும்பாலும் குழந்தைகளும் பதின்பருவத்தினரும் நண்பர்கள் வீட்டில் இப்படித் தங்குவதைத்தான் குறிக்கும். முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சம்மதித்திருப்பார்கள். வரும் பிள்ளை மாற்று உடை, பல் துலக்கும் பிரஷ், சில சமயம் தலையணை, ஸ்லீப்பிங் பேக் என்று ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு பிள்ளை மட்டும் வந்து தங்கினாலும் ஸ்லீப்ஓவர்தான், எட்டுப் பேர் வந்தாலும் ஸ்லீப்ஓவர்தான். பிறந்தநாளோடு சேர்த்து வைப்பதும் உண்டு, காரணமே இல்லாமல் வைப்பதும் உண்டு.

சொல்லைப் பிரித்தால் 'ஸ்லீப்', 'ஓவர்' என்று இரண்டு துண்டு. ஸ்லீப் என்றால் தூங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாகப் படிப்பவரைக் குழப்புவது ஓவர்தான். மேலே, முடிந்துபோனது, அளவுக்கு மீறியது என்று ஓவருக்கு நாம் பழகிய பொருள்கள் சில உண்டு. அவற்றை இங்கே பொருத்தினால் 'தூக்கம் முடிந்தது', 'அளவுக்கு மீறிய தூக்கம்' என்று ஏதாவது வந்து நிற்கும். எதுவும் சரியாக இராது.

இங்கே வருவது வேறு ஓவர். பேச்சு ஆங்கிலத்தில் ஒருவர் வீட்டுக்குப் போவது, வருவது, கூப்பிடுவது எல்லாவற்றோடும் இந்த ஓவர் ஒட்டிக்கொள்ளும். 'கம் ஓவர்' என்றால் எங்கள் வீட்டுக்கு வா. 'கோ ஓவர்' என்றால் அவர்கள் வீட்டுக்குப் போ. 'ஸ்டே ஓவர்' என்றால் ராத்திரி இங்கேயே தங்கிவிடு. தன் இடத்தைவிட்டுக் கடந்து மறுபக்கம் போவது என்ற எண்ணம் இந்த ஓவருக்குள் இருக்கிறது. ஆக, கடந்துபோய் இன்னொரு வீட்டில் தூங்குவது ஸ்லீப்ஓவர். என் கணக்கில் இந்தச் சொல்லின் கனமெல்லாம் பின்பாதியில்தான். தூக்கம் தினமும் வருவது. ஒரு பிள்ளை தன் வீட்டு வாசலைக் கடந்து இன்னொரு வீட்டு ராத்திரிக்குள் போவதுதான் புதுசு. குழந்தையின் துள்ளலும் அம்மாவின் யோசனையும் அந்த ஓவரிலிருந்து வருபவை.

வாக்கியத்தில் எப்படி வைப்பது?

பெயர்ச்சொல்லாக வந்தால் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். வினையாக வந்தால் நடுவில் இடம் விட்டு இரண்டு சொல்லாக எழுத வேண்டும். 'வீ ஆர் ஹேவிங் எ ஸ்லீப்ஓவர் டுநைட்' என்பதில் அது பெயர், சேர்த்து எழுதுவோம். 'கேன் ஐ ஸ்லீப் ஓவர் அட் ஹெர் ஹவுஸ்?' என்பதில் வினை, பிரித்து எழுதுவோம். இறந்தகாலத்தில் வினைப்பகுதி மட்டும் மாறி 'ஸ்லெப்ட் ஓவர்' ஆகும், ஓவர் அப்படியே நிற்கும். உச்சரிப்பிலும் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. பெயராக வரும்போது அழுத்தம் 'ஸ்லீப்' மேல் விழும். வினையாக வரும்போது 'ஓவர்' மேல் சாயும். ஆங்கிலத்தில் இப்படிப் பிறந்த பல சொற்களுக்கும் இதே பழக்கம்தான்.

கூட வரும் வினைகளையும் தெரிந்துகொள்வது நல்லது. நடத்துபவர் ஸ்லீப்ஓவரை 'ஹேவ்' பண்ணுவார் அல்லது 'ஹோஸ்ட்' பண்ணுவார். போகிறவர் ஸ்லீப்ஓவருக்கு 'கோ' பண்ணுவார். இடத்தைச் சொல்ல 'அட்' வரும்.

இங்கே கட்டாயம் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. 'நேற்று தோழியோடு தூங்கினேன்' என்று தமிழில் ஒரு சிறுமி சொன்னால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். அதை அப்படியே 'ஐ ஸ்லெப்ட் வித் மை ஃப்ரெண்ட்' என்று ஆங்கிலமாக்கினால் பொருள் அடியோடு மாறிவிடும். 'ஸ்லீப் வித்' என்பது ஆங்கிலத்தில் பாலுறவைக் குறிக்கும் வழக்கு. பள்ளிக் கட்டுரையிலோ அலுவலகப் பேச்சிலோ இது தெரியாமல் வந்துவிட்டால், எழுதியவருக்குக் காரணமே புரியாமல் சங்கடம் நேரும். தோழி வீட்டில் ராத்திரி தங்கியதைச் சொல்ல 'ஐ ஸ்லெப்ட் ஓவர் அட் மை ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' என்பதே சரி. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

ஒத்த ஓசையுள்ள வேறு சில சொற்களும் குழப்பும். அதே இரண்டு துண்டுகளை முன்பின்னாகப் போட்டால் 'ஓவர்ஸ்லீப்' வரும். எழ வேண்டிய நேரம் தாண்டியும் தெரியாமல் தூங்கிவிடுவது அது. விடுமுறை நாளில் வேண்டுமென்றே தாமதமாக எழுவது 'ஸ்லீப் இன்'. ஒரு முடிவை உடனே எடுக்காமல், ராத்திரி கழியட்டும், காலையில் சொல்கிறேன் என்று ஒத்திப்போடுவது 'ஸ்லீப் ஆன் இட்'. இதைச் சிலர் 'ஸ்லீப் ஓவர் இட்' என்றும் சொல்கிறார்கள், ஆனால் ஆன் போட்டுச் சொல்வதே பெருவழக்கு. பயணத்தில் வரும் 'ஸ்டாப்ஓவர்', 'லேஓவர்' இரண்டும் வழியில் ஓரிடத்தில் இறங்கிக் காத்திருப்பதைக் குறிப்பவை. அவற்றுக்கும் நண்பர் வீட்டுக்கும் சம்பந்தமில்லை.

இதே நிகழ்ச்சிக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர்களும் இருக்கின்றன. பலர் கூடி, விருந்து மாதிரி நடந்தால் 'ஸ்லம்பர் பார்ட்டி' என்பார்கள். ஸ்லம்பர் என்பது தூக்கத்துக்கான பழைய, கவிதை வாசம் உள்ள சொல். அமெரிக்காவில் இந்தப் பெயர் பெரும்பாலும் பெண்பிள்ளைகள் கூடும் ராத்திரியை நினைவூட்டும். ஸ்லீப்ஓவர் அப்படிப் பால் பார்ப்பதில்லை. 'பைஜாமா பார்ட்டி' என்பதும் அதே வகைதான். பைஜாமா என்ற சொல் பாரசீகத்தில் கால், உடை என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்து, இந்துஸ்தானி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அதன் இரண்டாம் எழுத்தாக அமெரிக்கர் ஏ போடுவார்கள், பிரிட்டிஷார் ஒய் போடுவார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் 'ஸ்பெண்ட் தி நைட் பார்ட்டி' என்று நீட்டிச் சொல்வதும் உண்டு. எந்த ஏற்பாடும் இல்லாமல், கடைசி வண்டியைத் தவறவிட்டு நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்து எழுவதை ஸ்லீப்ஓவர் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அதற்குப் பேச்சுவழக்கில் 'க்ராஷ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அழைப்பும் எதிர்பார்ப்பும் ஸ்லீப்ஓவருக்குள் அடங்கியவை.

மற்ற மொழிகள் இதற்கு எப்படிப் பெயர் வைத்தன என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பிரெஞ்சுக்காரர்கள் 'பைஜாமா மாலை' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். லத்தீன் அமெரிக்க ஸ்பானிய மொழியில் 'பிஹமாடா' என்று பைஜாமாவிலிருந்தே ஒரு சொல்லை உருவாக்கிக்கொண்டார்கள். இவர்கள் கண்ணில் பட்டது உடை. ஜெர்மானியர் 'ராத்தங்கும் விருந்து' என்ற பொருள்வர 'ஊபர்னாக்டுங்ஸ்பார்ட்டி' என்பார்கள். ஜப்பானியர் 'ஒதொமாரிகாய்' என்பார்கள், 'தங்கும் கூட்டம்' என்று பொருள். இவர்கள் பார்த்தது தங்குதலை. ஆங்கிலம் மட்டும் தூக்கத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஸ்லீப்ஓவரில் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லும் குழந்தை அபூர்வம்.

ஏன் தூக்கம் வருவதில்லை?

பேச்சும் சிரிப்பும் விளையாட்டும் ஒரு காரணம். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் நடக்கும் பேச்சுக்காகத்தான் பிள்ளைகள் இதற்கு ஏங்குகிறார்கள் என்றே நினைக்கிறேன். பகலில், மைதானத்தில், பத்துப் பேர் நடுவில் சொல்ல முடியாததை அப்போது சொல்லலாம். முகம் தெரியாது, யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஒரு நட்பு அடுத்த படிக்குப் போவது பல சமயம் அந்த நேரத்தில்தான்.

உடம்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. புது இடத்தில் முதல் ராத்திரி மனிதர்களுக்குத் தூக்கம் சரியாக அமையாது என்பதைத் தூக்க ஆய்வுக்கூடங்களில் 1960களிலேயே கவனித்திருக்கிறார்கள். ஆய்வுக்கு வந்து படுப்பவர்களின் முதல் ராத்திரிப் பதிவை அதனால் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம். 2016இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். முதல் ராத்திரியில் ஆழ்ந்த உறக்கத்தின்போது மூளையின் இடது பாதியில் ஒரு பகுதி வலது பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்கவில்லை. பழக்கமில்லாத சத்தங்களுக்கு அந்தப் பக்கம் கூடுதலாக விழித்துக்கொண்டது. அடுத்த முறை அதே இடத்தில் படுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அவர்கள் சோதித்தது பெரியவர்களை. ஆனாலும் அறிமுகமில்லாத கூரைக்குக் கீழே மூளையின் ஒரு பகுதி காவல் இருக்கிறது என்று தெரிந்தபின், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து அம்மாவைத் தேடும் குழந்தையிடம் பொறுமை தன்னால் வரும்.

தூக்கம் குறைவதைப் பெரிய குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். ஸ்லீப்ஓவர் ராத்திரியில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். அதனால்தான் வெள்ளி ராத்திரியையோ சனி ராத்திரியையோ தேர்ந்தெடுக்கிறார்கள். மறுநாள் பரீட்சையோ விளையாட்டுப் போட்டியோ இருந்தால் தேதியைத் தள்ளிவைப்பதே பிள்ளைக்குச் செய்யும் உதவி.

அம்மாவின் யோசனை

இப்போது அந்த ஒரு நிமிட யோசனைக்கு வருவோம். எந்த வயதில் அனுப்பலாம் என்று பலரும் கேட்பார்கள். வயதை வைத்து இதற்குப் பதில் சொல்வது கடினம். தன் வீட்டில் தனியாகப் படுத்துத் தூங்குகிறதா, ராத்திரியில் ஏதாவது வேண்டுமென்றால் வேறொரு பெரியவரிடம் கேட்கும் தைரியம் இருக்கிறதா, பிடிக்காத ஒன்றுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிகிறதா என்பவைதான் பார்க்க வேண்டியவை. இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம் என்பேன். ஏழு வயதில் இவை எல்லாம் கைவந்த பிள்ளையும் உண்டு, பதினொரு வயதில் இன்னும் வராத பிள்ளையும் உண்டு. இரண்டாவது பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லை.

அனுப்புமுன் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். தயங்கவே வேண்டாம். அன்று ராத்திரி வீட்டில் யார் யார் இருப்பார்கள்? பெரியவர்கள் வெளியே போய்விடுவார்களா? பிள்ளைகள் எந்த அறையில் படுப்பார்கள்? மூத்த அண்ணன்மார், விருந்தாளிகள் யாராவது தங்குகிறார்களா? போன், கேமரா எல்லாம் படுக்கை நேரத்தில் எங்கே இருக்கும்? வீட்டில் நாய் உண்டா? இவை எல்லாம் சாதாரணக் கேள்விகள். பொறுப்பான வீட்டார் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். வீடுகளில் துப்பாக்கி வைத்திருப்பது சகஜமான அமெரிக்காவில், உங்கள் வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பிள்ளையை விடுங்கள் என்று குழந்தை மருத்துவர்களின் சங்கமே பெற்றோருக்குச் சொல்லித்தருகிறது.

நம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதும் உண்டு. பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது, என்ன மருந்து எந்த நேரத்தில், ராத்திரி விளக்கு எரியாமல் தூக்கம் வராதா என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் சிறுநீர் போகும் பழக்கம் இருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம், பிள்ளையை அதற்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் வேண்டாம். 5 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. 10 வயதிலும் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்குத் தொடர்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மட்டும் முன்னதாகச் சொல்லி, மாற்று உடையை ஒரு தனிப் பையில் வைத்து அனுப்பினால் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே ராத்திரி கழிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட உதவுவது ஒரு வாக்குறுதி. 'எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன்' என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புவது. சொன்னால் மட்டும் போதாது, இரண்டு மணிக்குப் போன் வந்தால் எழுந்து போக வேண்டும், மறுநாள் அதைச் சொல்லிக் காட்டாமலும் இருக்க வேண்டும். சில குடும்பங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அனுப்ப ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் வந்தால், ஏதோ ஒரு காரணம் சொல்லிப் பெற்றோரே வந்து அழைத்துப் போவார்கள். பிள்ளை நண்பர்கள் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. ராத்திரியில் வீட்டு ஏக்கம் வருவது குழந்தைகளுக்கு இயல்பு. திரும்பி வந்ததைத் தோல்வி என்று யாரும் பெயரிடாமல் இருந்தால், அடுத்த தடவை முழு ராத்திரியும் தங்கிவிடும்.

ராத்தங்க அனுப்பவே மனம் வராத பெற்றோரும் இருக்கிறார்கள். அது அவர்கள் முடிவு, அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கும். இப்படிப்பட்டவர்களுக்காகவே அமெரிக்காவில் 'ஸ்லீப்அண்டர்', 'லேட்ஓவர்' என்று இரண்டு புதுச்சொற்கள் புழங்குகின்றன. பிள்ளை பைஜாமாவோடு போய், படம் பார்த்து, விளையாடி, படுக்கை விரிக்கும் நேரத்தில் வீடு திரும்பிவிடும். ஓவருக்கு எதிர்ச்சொல்லாக அண்டரைப் போட்டு ஒரு சொல்லையே உருவாக்கிவிட்டார்கள்.

பெரியவர்களின் ஸ்லீப்ஓவர்

பெரியவர்களும் நண்பர்கள் வீட்டில் தங்குவதை விளையாட்டாக ஸ்லீப்ஓவர் என்பார்கள். காதலர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குவதையும் சிலர் இந்தச் சொல்லால் நாசூக்காகச் சொல்வது உண்டு. பேசுபவர் யார், பேச்சு எதைப் பற்றி என்று பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

ஆனால் சில நாடுகளில் இது ஒரு வேலையின் பெயரும் ஆகும் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் வசிக்கும் இல்லங்களில், ராத்திரி ஓர் உதவியாளர் அங்கேயே படுத்திருப்பார். ஏதாவது தேவை என்றால் எழுந்து பார்ப்பார், இல்லையென்றால் தூங்கலாம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து போன்ற இடங்களில் இந்த ராத்திரிப் பணிக்கு ஸ்லீப்ஓவர் என்று பெயர். இங்கிலாந்தில் 'ஸ்லீப் இன்' என்பார்கள், தாமதமாக எழுவதைக் குறிக்கும் 'ஸ்லீப் இன்' வேறு. ஆஸ்திரேலியாவில் சமூகப் பராமரிப்புப் பணிகளுக்கான ஊதிய விதிகளில் இதற்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. தொடர்ந்து 8 மணி நேரம் ஒரு ஸ்லீப்ஓவர். தனி அறை, கட்டில், சுத்தமான விரிப்பு தர வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தூங்கும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வி இங்கிருந்து கிளம்பி நீதிமன்றம் வரை போனது. நியூசிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல், ஸ்லீப்ஓவரும் வேலைதான், அந்த மணி நேரங்களுக்கும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும் என்றது. அதே ஆண்டு, பாக்கித் தொகையைத் தீர்ப்பதற்காக ஸ்லீப்ஓவர் ஊதியத் தீர்வுச் சட்டம் என்று இந்தச் சொல்லையே பெயரில் தாங்கிய ஒரு சட்டம் அங்கே நிறைவேறியது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் எதிர்த்திசையில் போனது. தூங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பணியில், வேலைக்காக விழித்திருக்கும் நேரம் மட்டுமே குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வரும் என்று தீர்ப்பளித்தது. என் மனம் நியூசிலாந்துத் தீர்ப்பின் பக்கம்தான் நிற்கிறது. தன் வீட்டையும் தன் பிள்ளைகளையும் விட்டு இன்னொரு கூரைக்குக் கீழே, ஒரு குரலுக்குக் காது கொடுத்துப் படுத்திருப்பவரின் தூக்கம் அவருடைய சொந்தத் தூக்கம் ஆகிவிடாது. இங்கும் கனம் ஓவரில்தான்.

வீடுகளைத் தாண்டியும் சொல் போயிருக்கிறது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் குழந்தைகளுக்காக ஸ்லீப்ஓவர் நடத்தியிருக்கிறது. 94 அடி நீளமுள்ள நீலத் திமிங்கில மாதிரி கூரையிலிருந்து தொங்கும் மண்டபத்தில், அதன் வயிற்றுக்கு நேர் கீழே பிள்ளைகள் படுக்கை விரித்துப் படுத்திருக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் டைனோசர்களோடு ராத்தங்கும் நிகழ்ச்சிக்கு 'டைனோ ஸ்னோர்ஸ்' என்று பெயர். ஸ்னோர் என்றால் குறட்டை.

பொம்மைகளுக்கும் ஸ்லீப்ஓவர் உண்டு என்றால் நம்புவீர்களா? சில நாடுகளில் நூலகங்கள் இதை நடத்துகின்றன. குழந்தைகள் தங்கள் துணிப்பொம்மையை மாலையில் நூலகத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பணியாளர்கள் ராத்திரியில் அந்தப் பொம்மைகள் அலமாரியில் ஏறுவதுபோலவும் புத்தகம் படிப்பதுபோலவும் வைத்துப் படம் எடுப்பார்கள். காலையில் குழந்தைக்குப் பொம்மையும் படமும், பொம்மை 'படித்த' புத்தகமும் கிடைக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை முறையாகச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். அதன்பின் குழந்தைகள் படக்கதைப் புத்தகங்களை அதிகம் எடுத்தார்கள், பொம்மைக்கே வாசித்தும் காட்டினார்கள். சில நாட்களில் அந்த ஆர்வம் தணிந்தது. ராத்திரியில் நடந்ததை நினைவூட்டியபோது மறுபடி துளிர்த்தது.

விலங்குக் காப்பகங்களில் நாய்களை ஒன்றிரண்டு ராத்திரி யாராவது வீட்டுக்கு அழைத்துப் போவதற்கும் இதே பெயர்தான். அமெரிக்காவில் 5 காப்பகங்களில் செய்து 2019இல் வெளியான ஆய்வில், வீட்டில் தங்கிய நாட்களில் நாய்களின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பு குறைந்திருந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஓரிரு ராத்திரிகள் நாய்க்கு ஓய்வு நாட்கள் என்பதில் சந்தேகமில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பவர்களுக்காக இதைக் கடைசியில் வைத்தேன். 'தூக்கம்' என்ற சொல்லை விட்டு நகர்ந்தாலே பாதி வேலை முடிந்தது. 'நண்பன் வீட்டில் தூங்கப் போகிறேன்' என்பது தமிழில் வேறு ஏதோ மாதிரி ஒலிக்கும், அவன் வீட்டில் தூக்கம் நன்றாக வரும் என்பதுபோல. நம் மொழி இந்த இடத்தில் 'தங்கு' என்றுதான் சொல்லும், இல்லையென்றால் 'படு' என்னும். 'இன்றைக்கு அவள் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன்', 'நேரமாகிவிட்டது, இங்கேயே படுத்துக்கொள்' என்பவை இயல்பாக வருகின்றன. பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ராத்தங்கல் என்று கைவசம் ஒரு பழைய சொல் இருக்கிறது. பராமரிப்பு இல்லத்து வேலைக்கு 'ராத்தங்கல் பணி' என்றும், அருங்காட்சியக நிகழ்ச்சிக்கு 'அருங்காட்சியகத்தில் ஒரு ராத்தங்கல்' என்றும் தாராளமாக எழுதலாம்.

குழந்தைகள் பேசும் உரையாடலில் மட்டும் ஸ்லீப்ஓவர் என்றே விட்டுவிடுவதில் தவறில்லை, பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கதையில் அம்மா பதில் சொல்லும் இடம் வரும்போது, அவர் வாயில் தமிழை வையுங்கள்: 'சரி, போய்த் தங்கிவிட்டு வா. ராத்திரி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.'